‘போட்டு வாறன்’ என்று சொல்லிப் போனவர்

சாவுச் செய்தி வந்தபோது நான் கடையில் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் நஸீர் நானா. எங்கள் கடைக்கு எதிரே துணிக்கடை வைத்திருப்பவர். அன்று கடையைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். “ராஜு, அக்கா மவுத்தாகிட்டாங்க” என்றார். “சரி நானா” என்றேன். போனை வைத்துவிட்டு மிச்சப் பக்கங்களையும் எடுத்து, ஓரம் தட்டி, கிளிப் போட்டு, நின்றிருந்த பெண்ணிடம் கொடுத்தேன். பிறகு அடுத்தவருக்கும் எடுத்தேன். எனக்கு ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு வரைக்கும் ஆகவில்லை.

பரமேஸ்வரி அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம், அதில் நீங்கள் எழுத வேண்டும் என்று அவருடைய தங்கை மகள் ஆரணி கேட்டாள். பத்திரிகைகளில் அவ்வப்போது எழுதுகிறவன் என்பதால் தப்பிக்க வழியில்லை. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரை யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் கண்டவர்கள். நான் அவரைக் கண்டியில், கச்சேரி என்கிற அரச அலுவலகத்திலிருந்து அவர் ஓய்வு பெற்ற பிறகு அறிந்தவன். எனக்குத் தெரிந்த அக்காவை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

முதலில் அவர் கடைக்கு வந்தது ஒரு மாலை நேரம். ஏதோ ஒரு கடிதத்தைப் பிரதி எடுத்தார். மூலத்தை உறையில் வைத்து ஒட்டி முத்திரையும் ஒட்டினார். “சரி, போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கையில் கடித உறையோடு ஒருவர் அப்படிச் சொன்னால் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்கு என்ன விளங்கும்? தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வரப்போகிறார், இன்னும் ஏதோ பிரதி எடுக்க இருக்கிறது என்று நினைத்தேன். அக்கம்பக்கத்துக் கடைகளெல்லாம் பூட்டியாயிற்று. நான் மட்டும் ஒரு கதவைச் சாத்தி, ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவர் வந்ததும் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். “என்னங்க, போட்டுட்டு வாறேன்னு சொல்லிட்டுப் போனீங்க. நான் கடையைத் திறந்து வச்சிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்தேனே.”

“என்னத்தைப் போட்டு?”

“லெட்டரைத்தான்.”

அக்கா அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்து சிரித்தார். “அது ‘போயிட்டு வாறன்’ தம்பி. எங்கட ஆக்கள் பாதியை விழுங்கிப்போட்டுத்தான் சொல்லுவினம்” என்றார். அதற்குப் பிறகு எப்போது விடைபெற்றாலும் என்னைச் சீண்டுவதற்காகவே ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்: “போட்டு வாறன். கடையைப் பூட்டலாம்.”

இந்த ஒரு சொல்லில் அவருக்கு இருந்த பிடிவாதத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆரணி கண்டி மஹய்யாவ வீட்டில் அவரோடு தங்கிப் படித்தவள். அங்கிருந்தே வேலைக்கும் போகத் தொடங்கியவள். காலையில் அவசரத்தில் “போறன் பெரியம்மா” என்று செருப்பை மாட்டினால், மறித்து நிறுத்தித் திருத்திச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவார். “வாறன் எண்டு சொல்லாமல் போறது வீட்டை விட்டுப் போறது பிள்ளை” என்பார். அவள் திருத்திச் சொன்னதும், உள்ளேயிருந்து “ஓம், போட்டு வாங்கோ” என்று பதில் வரும். அந்தப் பதிலும் தவறியதில்லை.

பிறகுதான் அந்தக் கம்பனியின் விவகாரம் வந்தது. கம்பனியின் பெயர் இங்கே வேண்டாம். போனிலேயே காசு அனுப்பவும் பில் கட்டவும் நாங்கள் எல்லோரும் வைத்திருந்த சேவைதான். தோட்டங்களில் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் நடந்த நேரம். என் தங்கை குடும்பமும் அதில் இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில், கோயில் மடத்தில் எல்லோருக்குமாக உலை வைத்தார்கள். அதற்கு அரிசி பருப்பு வாங்க ஊரில் உள்ளவர்கள் உதவுவதற்காக அந்தக் கம்பனியில் ஒரு சேகரிப்புக் கணக்கு திறந்திருந்தோம். ஒருநாள் காலையில் எல்லோருடைய போனுக்கும் மும்மொழியிலும் ஓர் அறிவித்தல் வந்தது. தங்கள் சேவையை அரசியல் நோக்கங்களுக்குப் பயன்படுத்த இடமில்லை, ஆகவே கணக்கு நிறுத்தப்படுகிறது. தோட்டங்களை நடத்துகிறவர்களும் அந்தக் கம்பனியின் வாடிக்கையாளர்கள் என்பது ஊருக்கே தெரியும். அடுப்பில் ஏற்றும் அரிசி எப்படி அரசியலாகும் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழ் அறிவித்தலை வாசித்தார். “எங்களை நிப்பாட்டுறதெண்டாலும் எழுத்துப் பிழையில்லாமல் நிப்பாட்டலாம்தானே” என்றார். பிறகு பகிடியை விட்டுவிட்டு, “நாங்களும் எங்கட கணக்குகளை மூடுவம்” என்றார்.

நஸீர் நானாவின் கடையில் கூடிப் பேசினோம். கோஷம் போடலாம், மறியல் செய்யலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அக்காதான் மறுத்தார். “கூச்சல் வேண்டாம். வரிசையில நிண்டு கணக்கை மூடுங்கோ. மூடிப்போட்டு, ‘போறன்’ எண்டு மட்டும் சொல்லுங்கோ. ‘வாறன்’ வேண்டாம். இந்த ஊரில ஒருத்தரும் அப்பிடிச் சொல்லிறேல்லை. அவையளுக்கு விளங்கும்.” கேட்டுக்கொண்டிருந்த முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர், சிங்களத்தவர், தானும் வருவதாகச் சொன்னார். ‘கிஹின் என்னங்’, போய் வருகிறேன் என்பதுதான் அவர்கள் வழக்கமும். தான் ‘யனவா’, போகிறேன் என்று மட்டும் சொல்வதாக ஒப்புக்கொண்டார். சொல்லிப் பார்த்துவிட்டு, வாய்க்கு ஒரு மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்.

ஆரணி அந்தக் கம்பனியின் கண்டிக் கிளையில் வேலை செய்தாள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அக்கா இதை மறந்துவிட்டு இறங்கவில்லை. ஆரணி உள்ளே கணக்குப் பகுதியில் இருப்பவள், வாடிக்கையாளர்களுக்கு முன்னால் வருபவள் அல்ல என்ற நம்பிக்கையில் இறங்கினார். ஆனால் அன்று வரிசையில் பாதிக்கு மேல் தமிழ் முகங்களாக இருப்பதைக் கண்ட மேலாளர், தமிழ் தெரிந்தவள் என்று அவளைக் கொண்டுவந்து முன்னால் உட்கார்த்திவிட்டார்.

எனக்கு முன்னால் அக்கா நின்றார். வரிசை நகர்ந்து கண்ணாடிக்குப் பின்னால் ஆரணியைக் கண்டதும் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். “அக்கா, நீங்க வேணும்னா போயிருங்க. நாங்க பாத்துக்கிறோம்” என்றேன். அவர் நகரவில்லை. “நான்தானே எல்லாருக்கும் சொன்னனான்” என்றார். ஆரணி அடையாள அட்டையை வாங்கினாள், வேலையை முடித்தாள், அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். எங்கள் எல்லோரிடமும் கேட்டது போலவே, “வேறு ஏதும் சேவை வேண்டுமா?” என்று எழுத்துத் தமிழில் கேட்டாள். அக்கா சொன்னார்: “இல்லைப் பிள்ளை. போறன்.”

ஆரணி நிமிரவில்லை. அடுத்தது நான். நான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு நினைவில்லை.

அலுவலகம் மேல் மாடியில். படியில் பாதி இறங்கிய அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கொஞ்சம் பொறுங்கோ ராஜு” என்று சொல்லி, மூட்டு வலியோடு மறுபடி ஏறினார். நானும் பின்னால் ஏறினேன். அதற்குள் கூட்டத்துக்குப் பயந்து காவலாளி ஷட்டரை இழுத்துவிட்டிருந்தார். அக்கா அந்தத் தகரத்துக்கு முன்னால் நின்று, வீட்டு வாசலில் சொல்வதைப் போலச் சொன்னார்: “ஆரணி, போட்டு வாறன் பிள்ளை.” பதில் இல்லை. பிறகு இறங்கி வந்துவிட்டோம்.

அன்று இரவு ஆரணி வீட்டுக்கு வரவில்லை. ஒரு தோழியோடு தங்கினாள். பிறகு தானாகவே கேட்டு கொழும்புக்கு மாற்றலாகிப் போனாள். அக்கா அழைத்தால் எடுப்பதில்லை. நான் கேட்டால் அக்கா, “வேலையாய் இருப்பாள்” என்பார். நஸீர் நானாவின் வேனில் அரிசி ஏற்றி ஹுன்னஸ்கிரியவுக்குப் போய்வந்தோம். என் தங்கையின் அடுப்பு அணையவில்லை. வேலைநிறுத்தம் அரைகுறையாக முடிந்த பிறகு, கம்பனி அந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் திறந்துவிட்டது. எங்களில் பலர் அங்கே திரும்பிப் போனார்கள். அக்கா போகவில்லை. “போறன் எண்டு சொன்னாப் பிறகு போகத்தானே வேணும்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் கம்பனியை நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக அவர் கடைக்கு வந்தது ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல்நாள். அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வேண்டும் என்றார். பிரதி கறுப்பாய்க் கிடக்கிறது என்று குறை சொல்லி இன்னொன்று எடுப்பித்தார். நெஞ்சில் ஏதோ பார்க்க வேண்டுமாம், சும்மா ஒரு சோதனைதானாம். படியிறங்கும்போது “போட்டு வாறன்” என்றார்.

செத்தவீட்டுக்கு ஆரணி வந்திருந்தாள். அழாமல் ஒரு மூலையில் நின்றாள். ஒருவேளை அவளுக்கும் என்னைப் போலத்தான் இருந்ததோ என்னவோ. அவளைத் தேற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். “அன்னைக்கு உங்க பெரியம்மா திரும்பி ஏறி வந்தாங்க ஆரணி. ஷட்டருக்கு வெளியே நின்னு ‘போட்டு வாறன்’னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாது” என்றேன்.

“கேட்டது மாமா” என்றாள். “நான் ஷட்டருக்கு உள்பக்கம்தான் நிண்டனான்.” பிறகு, “பதில் சொல்லேல்லை” என்றாள்.



செத்தவீட்டில் யாரும் யாரிடமும் ‘போய் வருகிறேன்’ என்று சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியில் போகிறவரிடமோ, வரச் சொல்லி எந்தச் சொல்லும் சொல்லவே கூடாது. பெட்டியைத் தூக்கி வெளியே கொண்டுவந்தபோது பெண்கள் வாசல் கேற்றடியில் நின்றுவிட்டார்கள். ஆரணியும் அங்கேதான் நின்றாள். வண்டி புறப்படும்போது, வீட்டுக்குள்ளிருந்து பதில் சொல்வதைப் போலச் சாதாரணமான குரலில் சொன்னாள்: “ஓம் பெரியம்மா. போட்டு வாங்கோ.”

பக்கத்தில் நின்ற ஓர் அம்மா அவள் வாயைப் பொத்தினார். “அப்பிடிச் சொல்லக்கூடாது பிள்ளை.” ஆரணி கையை விலக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தாள்.

இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். எழுதுங்கோ, ஆக்கள் என்னை என்ன நினைச்சாலும் பரவாயில்லை என்றாள்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். அவருடைய நியாயம், துணிவு என்றெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள், எல்லாம் உண்மைதான். என்னிடம் இருப்பது ஒரு பிழையான விளக்கம் மட்டும். கடைசி நாள் படியிறங்கும்போது அவர் ‘போட்டு வாறன்’ என்று மட்டும்தான் சொன்னார். மற்றதைச் சொல்ல மறந்துவிட்டார். அதனால் இப்போதும் மாலையில் ஒரு கதவைச் சாத்திவிட்டு, மற்றதைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டலாம் என்று எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.