பிள்ளை பிடிக்க வந்த பூவம்மாள்

பூவம்மாளுக்குப் பேசாமல் இருந்தால் சோறு இறங்காது. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோது, லைனில் பேச்சு நிற்கவே இல்லை என்று சூப்பர்வைசர் அவளை மட்டும் தனியாக ஜன்னலோர மேசைக்கு மாற்றினார். அந்த ஜன்னல் வழியாகவே அவள் கேன்டீன்காரியின் மகனுக்குப் பெண் பார்த்து, நிச்சயம் வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். கம்பெனியில் ஆள் குறைத்தபோது முதலில் வெளியே வந்தவளும் அவள்தான்.

கணவன் தங்கதுரை மதுரைப் பக்கத்துக்காரன். இன்னொரு கம்பெனியில் செக்யூரிட்டி. “போனா போகுது, விடு. வீட்டுல உக்காந்து நிம்மதியாப் பேசு. எனக்கென்ன, நைட் ஷிஃப்ட்தானே” என்றான்.

அப்போதுதான் அனுப்ரியா ஆள் தேடிக்கொண்டிருந்தாள். சென்னையில் படித்த ஆராய்ச்சிக்காரி. ஓர் அறக்கட்டளை பல வருடமாகக் குழந்தைக் கடத்தலுக்கு எதிராகச் சுவரொட்டி அடித்து பஸ் ஸ்டாண்டுகளில் ஒட்டிவந்தது. முகமூடி போட்ட தடியன் ஒருவன் சாக்குமூட்டையோடு நிற்கும் படம். அதைப் பார்த்துச் சின்னப்பிள்ளைகள் அழுததைத் தவிர வேறென்ன பலன் என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் எந்த ஊரிலிருந்து, யாரோடு, எப்படிப் போகிறார்கள் என்று முதலில் ஆராயுங்கள், அதற்குப் பணம் தருகிறோம் என்று அறக்கட்டளை இறங்கி வந்தது. ஊர் ஊராகப் போய்க் கேட்க தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தெரிந்த ஆள் வேண்டும்.

“எந்த மொழி உங்களுக்கு நல்லா வரும்?” என்று அனுப்ரியா கேட்டாள்.

“திட்டறதுக்குத் தெலுங்குங்க, கெஞ்சறதுக்குக் கன்னடம், பேரம் பேசறதுக்குத் தமிழு” என்றாள் பூவம்மாள். வேலை கிடைத்துவிட்டது.

தளிக்கு மேலே மலையோரம் ஒரு சின்ன ஊருக்கு முதலில் போனார்கள். திரை போட்ட வெள்ளை வேன், கர்நாடகா நம்பர். அனுப்ரியா தோளில் பெரிய பை. பிள்ளைகளைப் பழக்கிக்கொள்ளலாம் என்று பூவம்மாள் கை நிறையச் சாக்லேட் வாங்கி வந்திருந்தாள். இறங்கியதும் முதலில் தென்பட்ட மாரம்மா என்ற பெண்ணிடம் தன் பேரும் ஊரும் சொல்லிவிட்டு, கன்னடத்தில் ஆரம்பித்தாள்: வீட்டில் எத்தனை பிள்ளைகள்? என்ன வயசு? பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாகப் போவார்கள்?

மாரம்மா சாக்லேட்டைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். பிறகு ஊரே கேட்கிற மாதிரி ஒரு கத்து கத்தினாள்.

சற்று நேரத்தில் ஆராய்ச்சிக் குழு பால் சொசைட்டி கட்டிடத்துக்குள் பால் கேன்களுக்கு நடுவே பூட்டப்பட்டுக் கிடந்தது. அனுப்ரியா போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடினாள். “மேடம், பயப்படாதீங்க. பூட்டினவங்க போலீஸுக்கும் சொல்லிட்டாங்க, நல்ல ஜனங்க” என்றாள் பூவம்மாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே காவல் நின்ற மாரம்மாவிடம் வாயைக் கொடுத்தாள்.

“ஏம்மா, பிள்ளை பிடிக்கறவ உங்கூர்ல வந்து, நடுத்தெருவுல நின்னு, பேரு ஊரெல்லாம் சொல்லிட்டா பிடிப்பா?”

“அப்புறம் எதுக்கு இத்தனை கேள்வி?” மாரம்மா விடவில்லை. “எங்க ராமப்பன் எத்தனை பிள்ளைங்கள பெங்களூருக்கு வேலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான்! ஒரு கேள்வி கேட்டிருப்பானா? தங்கமான மனுசன். திருவிழாவுக்கு மைக்செட்டே அவன் செலவுதான்.”

பூவம்மாள் வாய் சட்டென்று மூடிக்கொண்டது. உள்ளே அனுப்ரியா தலை நிமிர்ந்தாள்.

“உம் பொண்ணும் போயிருக்குதா?” என்று பூவம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

போயிருந்தாள். பவித்ரா, எட்டாவது முடித்தவள். ஒன்பதாவதுக்குத் தளிக்குத்தான் போகவேண்டும். சாயங்காலம் திரும்பி வர பஸ் கிடையாது. வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று ராமப்பன் ஒரு அபார்ட்மெண்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அழைத்துப் போனான். “தீபாவளிக்கு அப்புறம் குரலே கேக்கல. கேட்டா பிஸியா இருக்கறான்னு சொல்றான்.” சொல்லச் சொல்ல மாரம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

போலீஸ் ஜீப் வந்தது. அனுப்ரியா ஜன்னல் வழியாக நீட்டிய அனுமதிக் கடிதத்தை எஸ்.ஐ. பார்த்துவிட்டுப் பூட்டைத் திறக்கச் சொன்னார். “கொஞ்சம் இருங்க சார், பேசிட்டிருக்கோம்ல” என்றாள் பூவம்மாள் உள்ளேயிருந்து. எஸ்.ஐ.யின் சர்வீஸில் முதல்முறையாக, கைதிகள் வெளியே வர மறுத்தார்கள்.

அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டார்கள். பவித்ராவைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆயின. பால்கனி ஓரத்தில் துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் படுக்கை, வெளியே விடுவதில்லை, போனைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். ராமப்பன் மேல் வழக்குப் பதிவானது. அவனைக் கொண்டுபோனபோது, இனிமேல் திருவிழாவுக்கு மைக்செட் என்ன ஆகும் என்று கேட்டவர்களும் ஊரில் இருந்தார்கள். மாரம்மா அவர்களுக்குச் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

ஊர் திரும்பிய பவித்ரா யாரோடும் பேசவில்லை. பூவம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பொழுது சாயும்வரை வாசலில் குவித்திருந்த தக்காளிக்குக் காம்பு கிள்ளிக்கொண்டே இருந்துவிட்டுப் போனாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பவித்ரா தாயின் காதில், “அம்மா, பாவம், இந்த ஆன்ட்டிக்குப் பேச வராதா?” என்று கேட்டாள். மாரம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. கூடச் சேர்ந்து சிரித்த பூவம்மாளுக்குத் தன் சிரிப்பு எப்போது அழுகையானதென்றே தெரியவில்லை.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான் வந்தது. முகமூடிக்காரன் எங்குமே இல்லை. தெரிந்த ஆள்தான், மரியாதையான ஆள்தான், பள்ளிக்கூடம் நின்ற வருடம்தான். அனுப்ரியா அறிக்கையில் அதை எழுதி, சுவரொட்டியை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வேன் விடுங்கள் என்றாள். “கடத்தலைத் தடுக்க வழி கேட்டால் போக்குவரத்துத் துறை நடத்தச் சொல்கிறீர்களே” என்று அறக்கட்டளைக்காரர் முனகினார். ஆனாலும் ஒரு வருடத்துக்குப் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார்.

வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை இப்போது பூவம்மாளுக்கு. முதல் வாரம் ஜன்னல் சீட்டுக்காக நடந்த சண்டையில் அவள் வளையல் உடைந்தது. மாரம்மா வேன் வந்து நிற்கும்போதெல்லாம் டிரைவரை நிறுத்தி வைத்து, பேர் என்ன, எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா என்று விசாரிக்கிறாள். அவரும் தினமும் பொறுமையாகச் சொல்கிறார். பின்சீட்டில் பவித்ரா, இந்த அல்ஜீப்ராவைக் கண்டுபிடித்தவன் மேல் முதலில் கேஸ் போடவேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு வருகிறாள்.