மணியக்காவின் சமாதானம்

பத்து அடித்து ஓயும்வரை மணியக்கா யாருக்கும் பதில் சொல்வதில்லை. கடிகாரம் பழுதுபார்க்கும் அவள் கடை வாசலில் ஆள் வந்து நின்றால் உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். எண்ணிக்கை தவறினால் மறுபடியும் ஒரு சுற்று வரவேண்டும். யாராவது "அஞ்சு நிமிஷத்துல முடியுமா?" என்று பறந்தால், "அதுகிட்ட கேளுங்க. பன்னெண்டு அடிக்கும்போது நடுவுல வாயைப் பொத்தவா முடியும்?" என்பாள்.

அவள் கைக்கு வருபவை பெரும்பாலும் பழைய பெண்டுலக் கடிகாரங்கள். முள் எங்கே நின்றாலும் அவற்றில் மணி தன் வரிசைப்படிதான் அடிக்கும். ஐந்துக்குப் பிறகு ஆறுதான். நின்றுபோன கடிகாரத்தின் முள்ளை வீட்டுக்காரர்கள் இஷ்டத்துக்குத் திருகிவிட்டால், மூன்று மணிக்கு எட்டு அடிக்கும். "முள்ளு ஒரு பேச்சு, மணி ஒரு பேச்சு. ரெண்டையும் சமாதானம் பண்ணணும்" என்றபடி உள்ளே இருக்கும் சிறு கம்பியைத் தூக்கிவிடுவாள். தூக்கத் தூக்க ஒவ்வொரு மணியாக அடித்து வரிசை நகரும். நடுவில் சிக்கினால் மருமகளைத் திட்டுவதுபோல் திட்டுவாள். மருமகள் இன்னும் வரவில்லை, இப்போதிருந்தே பழகிக்கொள்கிறாளாம்.

தன் வாயை அடக்க மட்டும் அவளுக்குத் தெரியாது. ஒரு விருந்தில் தங்கை கணவரின் குறட்டையைப் பற்றி, "அந்தச் சத்தத்துக்கு என் கடிகாரமெல்லாம் பயந்து நின்னுடும்" என்று சொல்லிவைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள், தங்கையைத் தவிர. அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றது.

அந்தத் தங்கை நேற்று மாலை கடிகாரமும் கையுமாக வந்து நின்றாள். இதே கடையில் அப்பாவின் காலடியில் வளர்ந்தவள். கம்பியைத் தூக்கிவிட அவளுக்கும் தெரியும்.

"மணி தப்பா அடிக்குது."

"உக்காருடி."

"நிக்கிறேன்."

மணியக்கா ஒன்பதில் தொடங்கினாள். பதினொன்றில் தங்கை உட்கார்ந்தாள். பன்னிரண்டில் அக்காவின் டீயை எடுத்துக் குடித்தாள். மூன்று அடிக்கும்போது, "இப்பவும் குறட்டைதான். நான்தான் பஞ்சு வச்சுக்கறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மணியக்கா எண்ணிக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அதுவே நல்லதாயிற்று.

ஐந்தும் அடித்தது. "இனிமே ஆறு மணிக்கு ஆறுதான் அடிக்கும்" என்றாள் அக்கா. தங்கை எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

மணியக்கா கடிகாரத்தைக் கட்டிக் கொடுக்க எடுத்தாள். கடிகாரம் சரியாகிவிட்டது, இனி இவள் எதற்கு இந்தப் படியேறப் போகிறாள்? சட்டென்று மணியை அடிக்கும் குட்டிச் சுத்தியலுக்கு முன்னால் துணியைச் செருகி, கம்பியை இன்னொரு முறை தூக்கிவிட்டாள். ஆறு அடிகளும் சத்தமில்லாமல் அடித்து முடிந்தன. இனி ஆறு மணிக்கு ஏழு அடிக்கும். தங்கை மறுபடியும் வந்துதான் ஆகவேண்டும்.

துணியை உருவுவதற்குள் நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலோரம் தொங்கிய பெரிய கடிகாரத்தின் கண்ணாடியில், தங்கையின் கண்கள் இவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன.

தங்கை திரும்பவில்லை. மெல்லக் குனிந்து, மாட்டியிருந்த செருப்பின் வாரை அவிழ்த்து, முதலிலிருந்து நிதானமாக மாட்டத் தொடங்கினாள்.