பூச்சிக்குச் சோறு

தென்காசிக்குப் பக்கத்தில் மகள் வாங்கிய மனையில் அஸ்திவாரம் தோண்டும்போது கறுப்புச் சேறு வந்தது, கூடவே அழுகின முட்டை வாடை. காகித மில்லை இடித்து மனை போட்ட பிறகும் அப்பா வேலை பார்த்த கழிவுநீர்த் தொட்டி அடியில் அப்படியேதான் கிடந்திருக்கிறது.

மில்லில் கூழ் கழுவின பழுப்புத் தண்ணீரெல்லாம் அந்தத் தொட்டிக்குத்தான் வரும். பெரிய காற்றாடிகள் அதைக் கடைந்துகொண்டே இருக்கும், அந்தச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும், நுரை பறந்துபோய் வேலிமுள்ளில் ஒட்டும். அழுக்கைத் தின்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளுக்காக அப்பா சாணியும் யூரியாவும் கரைத்து ஊற்றுவார். அதற்குச் சோறு வைப்பது என்று பெயர். சாரல் விழுந்து நாங்கள் குற்றாலத்துக்குக் கிளம்பினால், மில் லீவு நாளாக இருந்தாலும், "நீங்க போயிட்டு வாங்க, பூச்சி பட்டினி கெடக்கும்லா" என்பார்.

"பெத்த பிள்ளைய விட பூச்சிதான் இவுகளுக்குப் பெரிசு" என்பாள் அம்மா.

எனக்கு நிம்மதியாக இருக்கும். அவர் வந்தால், அவர்மேல் அடிக்கும் தொட்டி வாடைக்குப் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். சோப்புக் கரையக் கரையக் குளித்துவிட்டு அவர் சாப்பிட உட்காரும்போதும் நான் பாவாடை நுனியால் மூக்கை மூடிக்கொள்வேன். அவர் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார்.

"என்னம்மா இப்படி நாறுது? இங்கன முன்னாடி என்ன இருந்துச்சு?" என்றாள் மகள்.

உங்க தாத்தா வேலை பார்த்த இடம் என்று சொல்ல வாயெடுத்தேன். குரல் அமுங்கி வந்தது. சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தியிருந்தேன். எப்போது பொத்தினேன் என்றே தெரியவில்லை.