குடம் தூக்காத மன அமைதி

என் கணவர் தியான வகுப்புக்குப் போய் மன அமைதியோடு எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினார். அன்றிலிருந்து குழாயில் தண்ணீர் வரும் நேரத்திலும் பாய் விரித்துக் கண்ணை மூடிக்கொள்வார். குடம் தூக்கக் கூப்பிட்டால், "பதட்டப்படாத, எல்லாம் தானா நடக்கும்" என்பார். எந்தக் குடமும் தானாகச் சமையலறைக்கு நடந்து வந்ததில்லை, நான்தான் சுமந்தேன்.

ஒருநாள் அவருக்கு முதல் ஷிப்ட். விடிவதற்குமுன் எழுந்து, அடுப்பைப் பற்றவைக்காமல் அவருடைய பாயில் கண்மூடி உட்கார்ந்தேன்.

"இன்னா பண்ணிகினு இருக்க? மைன்ஸ் பஸ் வந்துடும், டிபன் பாக்ஸ் எங்க?" பிளாக் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"பதட்டப்படாதீங்க, எல்லாம் தானா நடக்கும்" என்றேன்.

வெறுங்கையோடு பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாள் குழாய்ச் சத்தம் கேட்டதும் அவரே குடத்தைத் தூக்கினார். தியானம் பலித்துவிட்டது. என்னுடைய தியானம்.