உயிரை எடுக்கிறான், சார்!

இரண்டு வருடத்துக்கு முன்னால், கலிபோர்னியாவில் சான் ரமோன் பக்கம், நல்ல வெயில் அடித்த ஒரு பகலில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் அப்படியேதான்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் என் சித்தியைக் கேட்டால், "அவ அமெரிக்காவுல போலீஸுங்க" என்று பெருமையடிப்பார். போலீஸெல்லாம் இல்லை. மனநிலை பாதிக்கப்பட்டவர் வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தால், போலீஸோடு சேர்ந்து போகிற ஆலோசகர்கள், நர்ஸுகள் குழு ஒன்று இருக்கிறது. அதற்கு நான் மேனேஜர். யாரை எங்கே அனுப்புவது, யார் முன்னால் போவது என்று தலையை உடைத்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. ஆயுதம் இருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்று தகவல் வந்தால் போலீஸ்தான் முன்னால் போகும். நாங்கள் தெருமுனையில் காரில் காத்திருக்க வேண்டும். இந்த விதி எனக்குப் பிடிக்காது. அதற்காக என் ஆட்களைக் கத்தி முன்னால் கொண்டுபோய் நிறுத்தவும் முடியாதே!

அன்றைக்கு ஆள் பற்றாக்குறை. நானே கிளம்பினேன். வழியிலேயே ரேடியோவில் தகவல் வந்தது. முப்பது வயது மகன், அப்பாவைக் கொல்லப் பார்க்கிறான், வீட்டில் கத்தி இருக்கிறது, அப்பா வெளியே ஓடிவந்து போன் செய்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு அந்த வீட்டைச் சுற்றி நின்றார்கள். தெருமுனையில் சார்ஜென்ட் இருந்தார். என்னோடு பல வருடம் வேலை பார்த்தவர். என் ஃபில்டர் காபியைச் சேறு என்று கேலி செய்துகொண்டே இரண்டாவது கப் கேட்கிற மனிதர்.

"போன்ல அப்பா என்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள்" என்றேன். அவர் கார் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து வாசித்தார்.

"மை சன் இஸ் டேக்கிங் மை லைஃப், சார். ஃப்ரம் மார்னிங் ஹி இஸ் டேக்கிங் மை லைஃப். ப்ளீஸ் சென்ட் டாக்டர்."

அடக் கடவுளே! காலையிலிருந்து உயிரை எடுக்கிறான்! அன்று காலைதான், ஸ்கூலுக்குக் கிளம்பாமல் அடம்பிடித்த என் மகளிடம் "உயிரை எடுக்காதடி, ஷூவைப் போடு" என்று கத்திவிட்டு வந்திருந்தேன். அந்த மனிதர் டாக்டரைத்தான் கேட்டிருக்கிறார். வீட்டில் கத்தி இருக்கிறதா என்று எதிர்முனையில் கேட்டதற்கு, "கிச்சன் நைஃப் இஸ் தேர், சார்" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். எந்த வீட்டுச் சமையலறையில்தான் கத்தி இல்லை, நீங்களே சொல்லுங்கள்!

"இது கொலை மிரட்டல் இல்லை. நச்சரிக்கிறான் என்பதைத் தமிழில் அப்படித்தான் சொல்வோம். அவர் அதை அப்படியே இங்கிலீஷாக்கிவிட்டார்" என்று மூச்சு விடாமல் சொன்னேன். சார்ஜென்ட் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். ரேடியோவை எடுத்தார். அவர் பேச வாயைத் திறப்பதற்குள் வீட்டுக் கதவு திறந்துவிட்டது.

மகன் வெளியே வந்தான். கையில் கறுப்பாக ஏதோ ஒன்று, அதிலிருந்து வயர் தொங்கியது. வீட்டு வைஃபை பெட்டி அது. அதன் வழியாகத்தான் பழைய கம்பெனி தன்னை ஒட்டுக் கேட்கிறது என்று அவன் நம்பியிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. "கீழே போடு! கீழே போடு!" என்று இங்கிலீஷில் நாலா பக்கமும் கத்தினார்கள். அவன் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். எல்லாத் துப்பாக்கியும் அவன் நெஞ்சைப் பார்த்து நின்றது. சார்ஜென்ட் ரேடியோவில் "சுடாதீர்கள், பொறுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் போலீஸ் கார் மறைவுக்கு ஓடி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"தம்பி! கையில இருக்கறத கீழ வெச்சுடுங்க தம்பி! ஒண்ணும் ஆகாது!"

தமிழ்க் குரல் கேட்டதும் திரும்பிப் பார்த்தான். பெட்டியை மெதுவாகப் புல்லில் வைத்தான். அடுத்த நொடி அவனைக் குப்புறத் தள்ளி விலங்கு மாட்டினார்கள். எதிர்வீட்டு ஜன்னல்களில் போன்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தன. "ஹி இஸ் குட் பாய், சார்! குட் பாய், சார்!" என்று போலீஸ்காரர்களுக்குப் பின்னால் அப்பா அலறிக்கொண்டிருந்தார்.

அவர் மதுரையில் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கு முந்தின வருடம் மனைவி இறந்துவிட்டார். அடுத்து மகனுக்கு வேலை போனது. தனியாகக் கிடக்கிறானே என்று விசிட்டர் விசாவில் ஓடிவந்தவர். மகன் பல நாளாகத் தூங்காமல் "போனை ஆஃப் பண்ணீங்களாப்பா?" என்று விடிந்தது முதல் அதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் டாக்டரைத்தானேம்மா கேட்டேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் மகனைப் பார்த்தேன். மருந்து வேலை செய்து தெளிவாக இருந்தான். அப்பாவைப் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டான் என்றார்கள். வார்த்தையில் நடந்த குளறுபடியை நான் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா. சின்ன வயசுல இருந்து டெய்லி கேட்டு வளர்ந்த டயலாக்தான். எனக்கா புரியாது?" என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஆனா அவங்க துப்பாக்கிய நீட்டினப்போ அப்பா அவங்க பின்னாடி நின்னாருக்கா. என் பக்கம் வரலை."

அவரைப் போலீஸ்தான் பிடித்துப் பின்னால் இழுத்து வைத்திருந்தது. நான் கண்ணால் பார்த்தேன். சொல்லியும் பார்த்தேன். "இருக்கலாம்க்கா" என்றான். புத்திக்குப் புரிந்தது மனசுக்கு ஏறவில்லை, பாவம். விசா முடிந்து அப்பா மதுரைக்குத் திரும்பினார். மகன் வேறு வீட்டுக்கு மாறி, போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

அதிலிருந்து எப்போதாவது என் ஆபீஸுக்கு அந்த அப்பா போன் செய்வார். இங்கே வயது வந்தவர் சம்மதம் இல்லாமல் அவரைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே சொல்லக் கூடாது. பெற்ற அப்பாவாகவே இருந்தாலும் சட்டம் சட்டம்தான். மகன் எங்கள் ஆலோசனை மையத்துக்கு ஒழுங்காக வருகிறான், புது வேலையில் சேர்ந்துவிட்டான், மற்றவர்களோடு சிரித்துப் பேசுகிறான். எல்லாம் எனக்குத் தெரியும். அப்பா கேட்கும்போது மட்டும் "சொல்ல முடியாது அங்கிள், மன்னிச்சுக்கங்க" என்பேன். ஒவ்வொரு தடவையும் போனை வைத்த பிறகு எனக்கு என் மேலேயே எரிச்சலாக வரும்.

போன மாதமும் பேசினார். குரல் தளர்ந்திருந்தது. "சாப்பிடறானா, தூங்கறானா? அதை மட்டுமாவது சொல்லக் கூடாதாம்மா?" என்றார். என்னால் தாங்க முடியவில்லை.

"அங்கிள், என் கதையைச் சொல்றேன் கேளுங்க. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனதுல இருந்து எனக்கு ராத்திரியில தூக்கமே வராம இருந்துச்சு. இப்பல்லாம் நிம்மதியா தூங்கறேன் அங்கிள்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சந்தோஷம்மா. நல்லா தூங்கு தாயி, நல்லா தூங்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் செய்தது சட்டப்படி சரியா தப்பா, தெரியவில்லை. பெற்ற மகன் நன்றாக இருக்கிறான் என்பதை, யாரோ ஒருத்தியின் தூக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை ஓர் அப்பாவுக்கு வந்துவிட்டதே!