மரிக்கொழுந்து வைக்காத மாதங்கள்

பனி இறங்கிவிட்டால் கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்புகளில் மரநாய்க்குக் கொண்டாட்டம்தான். மரமேறிக் கள்ளுக் கலயத்தில் வாய் வைக்கும், இறங்கி வந்து கோழியைத் தூக்கும். அப்போது தோப்புக்காரர்கள் தேடி வருவது பொங்கியண்ணனைத்தான். கூண்டு யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம், இரை அப்படியல்ல. கனிந்த பூவன்பழம், கருப்பட்டி, கள்ளு மண்டி, சுட்ட கருவாடு ஒரு துண்டு எல்லாம் பிசைந்து, பானையில் வாய்கட்டி வைக்கோலுக்குள் புதைப்பார். மூன்றாம் நாள் திறந்து மோந்து பார்ப்பார். புளிப்பு ஏறியிருக்க வேண்டும், அழுகியிருக்கக் கூடாது. மனித வாடை பட்டாலோ மரநாய் எட்டிக்கூடப் பார்க்காது.

அதனால் கார்த்திகை பிறந்தால் அந்த வீட்டில் சோப்பு கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது, மனைவி மயிலாத்தாளுக்குப் பூவும் கிடையாது. கல்யாணமான வருடம் அவள் ஆசையாக மரிக்கொழுந்து வைத்துக்கொண்டு வர, மனுஷர் வாசலிலேயே மறித்து எடுத்துப் போடச் சொல்லிவிட்டார். அது மணக்கிற காலமே பனிக்காலம்தான். இருபத்திரண்டு வருடமாக அவள் வைத்ததில்லை.

எழுபத்து நாலாம் வருடம், ஐப்பசிக் காய்ச்சலில் கிடந்து எழுந்தார் பொங்கியண்ணன். அதன் பிறகு வைத்த கூண்டெல்லாம் காலி. மூன்று வாரம் பொறுத்த தோப்புக்காரர் செங்கோட்டையன், "இன்னொரு வாரம் பாக்கறேன் பொங்கியண்ணா. அப்புறம் வேற ஆளத்தான் கூப்புடோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பொங்கியண்ணன் சோறு தின்னவில்லை.

மறுநாள் தன் தங்கை மகளின் பூப்புச் சீருக்குப் போன மயிலாத்தாளின் தலையில் யாரோ மரிக்கொழுந்தைச் சொருகிவிட்டார்கள். வீட்டில் அவருக்குச் சோறு போடும்போதுதான் அவளுக்கு நினைவே வந்தது. அவரோ பக்கத்தில் உட்கார்ந்து ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார், மணமே எட்டாதவர் போல. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தலை முழுகிவிட்டுப் போய்ப் பானையைத் திறந்தாள். அழுகல் நாற்றம் முகத்தில் அடித்தது. குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, புதிதாகப் பிசைந்து வாய்கட்டி அதே இடத்தில் புதைத்தாள். அவர் அந்தண்டை போகும்போதெல்லாம் திறந்து மோந்தாள். மூன்றாம் நாள், "பானை பதமாயிருக்குமுங்க, இன்னிக்கு வெச்சுப் பாருங்களே" என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

விடிந்தபோது கூண்டுக்குள் உரோமம் அடர்ந்த, கொழுத்த கடுவன் மரநாய் ஒன்று. செங்கோட்டையன் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். பொங்கியண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் சந்தையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் மரிக்கொழுந்து.

"ஏனுங்க, கூண்டு வெக்கிற மாசமுங்களே!"

"பானை வாயில இருந்தது நான் போட்ட முடிச்சில்லீன்னு எனக்குத் தெரியாதா? நாளையிலிருந்து நீ மோந்து சொல்லு, நான் கூண்டு வெக்கறேன். இன்னிக்கு இதை வெச்சுக்கோ."

அவள் வைத்துக்கொண்டாள். அவர் குனிந்து, கூந்தலருகே மூக்கை வைத்து இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"எனக்கு மணந்தப்பெல்லாம் வேண்டாம்னேன். எப்படி மணக்குதுன்னு இப்ப நீயே சொல்லு, புள்ளே."

மயிலாத்தாள் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.