ஹரோவில் ஒரு 'ஓம்'

லண்டனின் ஹரோ பகுதி, சனிக்கிழமை காலை. வாடகைக்கு எடுத்த ஆங்கிலப் பள்ளி வகுப்பறையில் தமிழ் வகுப்பு நடக்கிறது. பெற்றோர் அமரும் கடைசி வரிசையில் என் பக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் இதைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

"அடி இல்லை, மனப்பாடம் இல்லை. கதைச்சுக் கதைச்சுப் படிக்கவேணும் எண்டுதான் தொடங்கினம். பிள்ளையள் வீட்டில எங்களோட தமிழில கதைச்சாப் போதும்," என்கிறார்.

"ஆமா, அது போதும்," என்கிறேன் மதுரைக்காரனான நான்.

முன்வரிசையில் இருக்கும் அவர் மகளிடம் ஆசிரியர் படத்தைக் காட்டுகிறார். "இது யானையா?"

"ஓம்!" வீட்டில் சொல்வதுபோலவே துள்ளிச் சொல்கிறாள் சிறுமி.

"ஓம் இல்லை, ஆம். பரீட்சையில ஓம் எண்டு எழுத ஏலாது."

வகுப்பு சிரிக்கிறது. சிறுமி தலையைக் குனிந்துகொள்கிறாள். என் 'ஆமா'வை மட்டும் இங்கே யாரும் திருத்தவில்லை.

"பரீட்சை வைக்கச் சொல்லிப் பிறகு கேட்டதும் நாங்கள்தான்," என்கிறார் அம்மா, என்னைப் பார்க்காமல்.

மணி அடிக்கிறது. மகளுக்குக் கோட்டு மாட்டிவிட்டபடி கேட்கிறார்: "பசிக்குதே, பிள்ளை?"

சிறுமி ஆசிரியரைத் திரும்பிப் பார்க்கிறாள்.

"யெஸ், அம்மா."